நம்பிக்கைகளும் உண்மைகளும்: தோட்டத்துப் பங்களாவும் சுவிஸ் துவக்கும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியில் உள்ள புசல்லாவை போன்ற பழைய தோட்டப் பகுதிகளைப் பற்றிய பேச்சில், துரைமார் பங்களாச் சுவர்களில் தொங்கிய துவக்குகள் யாவும் வேட்டைக்கென்றே செய்யப்பட்டவை என்ற எண்ணம் எளிதில் எழுகின்றது. வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் இங்கு ரொத்சைல்ட் தோட்டத்தை அமைத்த காலத்துக்கு அது பொருந்தலாம். ஆயின் 1900இல் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான இலங்கைத் தோட்டக்காரர் ரைபிள் படை, 1902இல் தென்னாபிரிக்காவுக்கும் 1915இல் கலிப்பொலிக்கும் ஆட்களை அனுப்பிய தொண்டர் படையாதலால், படைத் துவக்கு அதன்பின் இம்மலைக்கு அந்நியமான பொருளாக இருக்கவில்லை. மேலும், போர்கள் ஓய்ந்தபின் மலிவாக விற்கப்பட்ட படைத் துவக்குகளின் முன்மரத்தை அறுத்து, பயனெட் எனப்படும் குத்துக்கத்தியை மாட்டும் கொக்கியை நீக்கி, சிலவேளை குழலையும் குறைத்து வேட்டைக்கு ஏற்றவாறு இலேசாக்கும் வழக்கம் உலகின் பல பாகங்களிலும் இருந்தது. இவ்வாறு உருமாறியதே ஸ்போர்ட்டர் எனப்படுகின்றது. வெளித்தோற்றத்தில் வேட்டைத் துவக்காகவும் உள்ளுறுப்பில் படைத் துவக்காகவும் இருப்பதனாலேயே அது வாங்குவோரை ஏமாற்றுகின்றது.

இலங்கையில் சுவிஸ் படையினர் இருந்தமையால் இங்குள்ள பழைய துவக்கு சுவிஸ் நாட்டுத் தயாரிப்பாக இருக்கலாம் என்னும் ஊகம் இன்னொன்று. ஒல்லாந்தரிடம் கூலிக்குப் பணியாற்றிய டி மியூரோன் என்னும் சுவிஸ் படைப்பிரிவு 1795இல் ஆங்கிலேயர் பக்கம் மாறியது உண்மையே. ஆனால் அவர்கள் ஏந்தியது, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும், உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துவக்கு. இன்று சேகரிப்போர் தேடும் சுவிஸ் ரைபிள்களைச் செய்த பேர்ன் நகர அரச ஆயுதத் தொழிற்சாலையோ 1870களில்தான் உருவெடுத்தது. துவக்கு என்ற சொல்லே துருக்கியச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதற்காக அதைத் துருக்கியர் செய்த பொருள் என்று எவரும் கருதுவதில்லை.

மரத்தின் பளபளப்பையும் வளைவையும் கொண்டு நாட்டை அறியலாம் என்பதும் தவறு. உருமாற்றத்தில் முதலில் மாறுவது மரமே. மாறாமல் எஞ்சுவது வெடியறைப் பூட்டின் அமைப்பாகும். பூட்டின் கைப்பிடியை மேலே திருப்பிய பின்னரே பின்னுக்கு இழுக்க முடியுமானால், அது பிரித்தானிய லீ-என்ஃபீல்ட், ஜேர்மன் மவுசர் ஆகியவற்றைப் போன்ற வகையைச் சேர்ந்தது. லீ-என்ஃபீல்டாயின் பிடியருகே உள்ள இரும்பில் முடியும் அரசரின் பெயரெழுத்துகளும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். திருப்பாமலே நேராகப் பின்னுக்கு இழுபடுமானால், ருடோல்ஃப் ஷ்மிட்டும் எடுவார்ட் ரூபினும் வடிவமைத்த 1889ஆம் ஆண்டு மாதிரியையோ அதன் வழிவந்த 1911, 1931 மாதிரிகளையோ நினைக்க இடமுண்டு. நேரிழுப்புப் பூட்டு ஒஸ்திரியத் துவக்குகளிலும் இருந்தமையால், இதனோடு சுவிஸ் சிலுவைக் குறியையும் தேடுதல் வேண்டும். 1889 மாதிரியின் தோட்டாப் பெட்டி 12 தோட்டாக்களைக் கொள்வது. 1911, 1931 மாதிரிகளின் பெட்டி 6 மட்டுமே கொள்வது. உடற்பகுதியிலும் குழலிலும் பூட்டிலும் ஒரே தொடரிலக்கம் இருத்தல் நன்று, ஏனெனில் வேறொரு துவக்கின் பூட்டு மாட்டப்பட்டிருப்பின் வெடியறை சரியாக மூடுகின்றதா என்பதே ஐயத்துக்குரியதாகும். 'பீ' என்னும் ரோம எழுத்து முத்திரை, சேவை முடித்த வீரருக்கே அத்துவக்கு தனியுடைமையானதைக் காட்டுவது. அதைத் தரக்குறைவின் அடையாளமாகக் கொள்வது பிழை.

7.5 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தால் எந்த 7.5 தோட்டாவும் பொருந்தும் என்ற நம்பிக்கை இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிரெஞ்சுப் படையின் 7.5 தோட்டா வேறு, சுவிஸ் தோட்டா வேறு. சுவிஸ் தோட்டாவிலும் 1911இல் வந்தது, 1889 மாதிரிக்கென முதலில் அமைந்ததைவிட அதிக அழுத்தம் தருவது. பூட்டைத் தாங்கும் பற்கள் பின்புறம் அமைந்த அப்பழைய மாதிரியில் புதிய தோட்டாவை இடுவதைச் சுடுநர் தவிர்ப்பது இதனாலேயே.

செப்பனிட்டு அழகாக்கியதால் விலை ஏறும் என்பதும் பெரும்பாலும் நேர்மாறானது. அறுத்த மரத்தையும் துளையிட்ட உடற்பகுதியையும் மீட்க முடியாதாகையால், சேகரிப்போர் மாறாத படைத் துவக்குக்கே கூடிய விலை தருவர்; சுட மட்டும் விரும்புவோருக்கு ஸ்போர்ட்டர் மலிவாகக் கிடைப்பது அதன் மறுபக்கம். பழையது என்பதால் அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்பாரும் உளர். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் துவக்கு வைத்திருப்பவர் அனுமதிப்பத்திரம் பெற்று அதை ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும்; பாட்டனின் பங்களாவிலிருந்து வந்தது என்ற கதை அதற்கு ஈடாகாது.