உபவாசமும் உள்ளத்து நோன்பும்

மயிலைக் கபாலீச்சரத்தில் மகாசிவராத்திரியன்று உண்ணாது விழித்திருப்போர் பலர். உணவை விடுத்தல் ஒன்றே விரதமாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சீன தேயத்துத் தாவோ நெறியினருள் ஒரு சாரார், உடம்பினுள் உறையும் மூன்று புழுக்கள் தானியத்தால் வளர்ந்து ஆயுளைக் குறைக்கும் எனக் கொண்டு, நெடுவாழ்வு வேண்டித் தானியங்களை விலக்கினர். ஆயின் அந்நெறியின் முதன்மை நூல்களுள் ஒன்றாகிய சுவாங்சூவின் நான்காம் அதிகாரம் வேறு கூறும். வறுமையால் பல திங்கள் மதுவும் நோன்பிற்கு விலக்காய உணவும் கொள்ளாத மாணவனை நோக்கி, அது வேள்விக்குரிய நோன்பேயன்றி உள்ளத்து நோன்பாகாது எனக் கன்பூசியர் உரைப்பதாக அந்நூல் அமைத்துளது. உள்ளம் வெறுமையாயவழித் தாவோ ஆண்டுச் சேரும் என்பது அதன் துணிபு.

உள்ளத்து நோன்பே சிறந்ததென்பது நமக்கும் உடன்பாடே. ஆயினும் சித்தாந்தம் ஒருபடி மேற்செல்லும். உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. யாதொன்றையும் சாராது வெறுமையில் தனித்து நில்லாது. உணவை விடுத்த உள்ளம் இறைவனைச் சாராதாயின், பசியையே சார்ந்து நாழிகை எண்ணிக்கொண்டிருக்கும். உபவாசம் என்னும் சொற்குப் பொருளும் அணுகியுறைதலேயாம்.

அங்ஙனம் உறைந்தமைக்கு அடையாளம் யாதெனின், பிறர் பசியறிதல் என்க. திருஞானசம்பந்த சுவாமிகள் மயிலையிற் பூம்பாவையை எழுப்பிய திருப்பதிகத்தில், திருவிழாக்களோடு அடியார்க்கு அமுதூட்டலையும் எடுத்தோதியருளினார். இன்றும் பங்குனியில் அறுபத்துமூவர் விழாவின்போது மாடவீதிகளில் அன்னமும் நீர்மோரும் வழங்கப்படுகின்றன. ஆதலின், பிணியால் நோன்பு நாளிலும் உண்ண நேர்ந்தோர் வருந்தற்க. இறைவனை நினைந்து ஒருவர்க்கேனும் அன்னமிடின், அவர்க்கும் உபவாசம் கைகூடுமென்பது நம் கருத்து.