உறக்கத்தில் பல்லைக் கடிப்பது ஏன்?



கோபம் கொண்டவனைப் ‘பல்லை நறநறவென்று கடித்தான்’ என்கிறோம். துன்பத்தை வெளியே சொல்லாமல் தாங்கியவர் ‘பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்’ என்கிறார். புனித முடியப்பரின் பேச்சைக் கேட்டவர்கள் சினம் பொங்கிப் பல்லைக் கடித்த செய்தி திருத்தூதர் பணிகள் நூலில் வருகிறது. இவையெல்லாம் விழித்திருப்பவர் செய்வன. ஆனால் உறங்கும் ஒரு சிறுமி, யார் மேலும் கோபமின்றி, நள்ளிரவில் பல்லைக் கடிக்கிறாளே, அது ஏன்? காலையில் கேட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் படுத்திருந்த தங்கைக்கோ விடுதித் தோழிக்கோதான் தெரியும். ஆகவே இக்கட்டுரை பல்லைக் கடிப்பவருக்கு மட்டுமன்று, அதைக் கேட்பவருக்கும் உரியது.

பல்லும் தாடையும்

உங்கள் கன்னத்தில் விரல்களை வைத்துப் பற்களை இறுக்கிக் கடித்துப் பாருங்கள். ஒரு தசை திரண்டு எழுவதை உணர்வீர்கள். அதுவே உணவை மெல்ல உதவும் வலிமை மிக்க தசை. நெற்றிப் பொட்டிலும் இதற்குத் துணையான ஒரு தசை உண்டு. வாய் ஓய்வாக இருக்கும்போது உதடுகள் மூடியிருக்கும். ஆனால் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடுவதில்லை. உண்பதற்கும் விழுங்குவதற்குமாக ஒரு நாளில் அவை தொட்டுக்கொள்ளும் நேரம் மொத்தம் 20 நிமிட அளவுதான் என்பர்.

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. எலும்பு முறிந்தால் கூடும்; எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது. பல் முளைத்து வெளிவரும்போதே எனாமலை உண்டாக்கும் அணுக்கள் மறைந்துவிடுகின்றன.

இரவில் நடப்பது என்ன?

உறக்கம் இரவு முழுவதும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. இடையிடையே சில நொடிகள் மூளை சற்றே விழிப்பு நிலைக்கு வருகிறது, இதயத்துடிப்பு விரைவாகிறது, உறங்குபவர் அதை உணர்வதில்லை. அந்த நொடிகளில்தான் சிலருக்குத் தாடைத் தசைகள் இறுகிப் பற்கள் உராய்கின்றன.

இதற்குக் காரணம் ஒன்றே என்று சொல்ல இயலாது. சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருகிறது. தேர்வு அச்சம், வீட்டுக் கவலை, மாலையில் மிகுதியாகக் குடிக்கும் காப்பி, தேநீர் ஆகியவை இதைக் கூட்டலாம். பெரியவர்களுக்குப் புகையும் மதுவும் காரணமாகலாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகளாலும் வரலாம். அப்படித் தோன்றினால் மருந்தைத் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் கூற வேண்டும். வாயைத் திறந்து குறட்டை விடும் குழந்தைக்கு மூச்சுத் தடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

‘வயிற்றில் பூச்சி இருந்தால் பல்லைக் கடிக்கும்’ என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இதற்கு உறுதியான சான்று இல்லை. 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறாமல் மென்று உண்ணுங்கள். அது இரத்தசோகையைத் தடுக்க உதவும். ஆனால் பல்லைக் கடிக்கும் குழந்தைக்கெல்லாம் பூச்சி மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பது பயன் தராது.

எப்போது டாக்டரிடம் செல்வது?

சிறு பிள்ளைகளிடம் இப்பழக்கம் மிகுதி. பெரும்பாலோருக்கு வளர வளரத் தானே நின்றுவிடும். பால் பற்கள் சிறிது தேய்ந்தாலும் அவை விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். ஆகவே தாய்மார்கள் அஞ்ச வேண்டியதில்லை. குழந்தையை அதட்டி எழுப்பவும் வேண்டாம்.

நிலைப் பற்கள் முளைத்த பிறகு பின்வரும் அறிகுறிகளைக் கவனியுங்கள்: காலையில் தாடை வலி, நெற்றிப் பொட்டில் தலைவலி, குளிர்ந்த நீர் பட்டால் கூச்சம், பல்லின் நுனி தட்டையாதல் அல்லது உடைதல், வாயைத் திறக்கும்போது காதருகே சொடுக்கும் ஒலி. இவற்றுள் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரைக் காண வேண்டும்.

நம் மாவட்டத்தார் இதற்காகச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1980ஆம் ஆண்டு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2021இல் அது அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்தது. கடலூரிலிருந்து பேருந்திலோ இரயிலிலோ சென்று காட்டித் திரும்பிவிடலாம்.

மருத்துவம்

இதை அடியோடு நிறுத்தும் மாத்திரை கிடையாது. பல் வரிசையை அச்செடுத்து, இரவில் மாட்டிக்கொள்ளும் ஒரு தகட்டைச் செய்து தருவார்கள். தகடு பழக்கத்தை நிறுத்துவதில்லை. பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்ந்து பல்லைக் காக்கிறது. தாடை வளரும் வயதில் இது எல்லாருக்கும் பொருந்தாது. கடையில் விற்பதை வாங்கி மாட்டுவதும் சரியன்று.

பகலில் நாமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. கணக்குப் போடும்போதும் தேர்வுக்குப் படிக்கும்போதும் நம்மை அறியாமல் பல்லை இறுக்கிக்கொள்கிறோம். ஜியோமெட்ரி பெட்டியின் மூடியில் ஒரு சிறு வண்ணப் பொட்டை ஒட்டி வையுங்கள். அதைக் காணும்போதெல்லாம் ‘உதடு சேரட்டும், பல் விலகட்டும்’ என்று நினைத்துத் தாடையைத் தளர்த்துங்கள். பென்சிலையும் நகத்தையும் கடிக்காதீர்கள். தாடை வலித்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுங்கள். தேர்வுக் காலத்திலும் குறித்த நேரத்தில் உறங்குங்கள்.

கேட்பவரின் கடமை

பல்லைக் கடிப்பவள் தன் ஒலியைத் தான் கேட்பதில்லை. எனவே அவள் பல்லைக் காக்கும் முதல் மருத்துவர் அருகில் படுத்திருப்பவரே. விடுதியில் இதைச் சொல்லிச் சிரித்தால் அவள் வெட்கத்தால் மறைப்பாள். பல் தேய்ந்துகொண்டே போகும். தனியே அழைத்து அன்போடு சொன்னால் தாயிடமோ சிஸ்டரிடமோ சொல்லி வழி தேடுவாள். பெற்றோரும் ‘பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்’ என்று மகளுக்குச் சொல்வதோடு நில்லாமல், அவள் எதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டறிய வேண்டும். மனத்தில் அடைத்துவைத்த கவலையும் சில வேளைகளில் இரவில் பல்லின் வழியே வெளிப்படுகிறது.

249ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவில் விசுவாசத்திற்காகப் பற்கள் உடைக்கப்பட்டு உயிர்துறந்தவர் புனித அப்பொலோனியா. பல்வலியால் வருந்துவோரின் பாதுகாவலியான அவருடைய திருநாள் பிப்ரவரி 9. அந்நாளில் அவரிடம் மன்றாடுவோம். நம் அறைத் தோழியின் நலத்தையும் அன்போடு கேட்போம்.