பொத்தானும் சின்னமும்

எழுத்து ஒலிக்கு அறிகுறியாய் நிற்பது. அது கற்றார்க்கே பேசும். சின்னமோ பொருளின் வடிவைக் காட்டிக் கல்லாதார்க்கும் பேசும். ஒரு பொத்தானை அழுத்துமுன் அதன் பயனை யாவரும் ஐயமின்றி உணருமாறு அதனருகே எவ்வடிவை இடுவது, அவ்வடிவை வேண்டுவோர் எம்முறையில் வேண்டுவது என்பனவே இக்கட்டுரையிற் கூறப் புகுந்தன.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. சேரர் பனம்பூவும், பாண்டியர் வேப்பம்பூவும், சோழர் ஆத்திப்பூவும் சூடிய செய்தியைத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறுகின்றது. போர்க்களத்து நெருக்கத்தில் இன்னார் படை இன்னதெனப் பிரித்தறிதற்கே அவை சூடப்பெற்றன என அந்நூலே காரணமும் தருகின்றது. பூவாயினும் அழகு கருதிச் சூடியதன்று, வேற்றுமை தெரிதற்குச் சூடியது என்பதை நினைவிற் கொள்க.

நிற்க. இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951–52இல் நிகழ்ந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தார் நூற்றுக்கு 18 பேரளவினரே. ஆதலின் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் அவரவர் சின்னத்தை ஒட்டினர். பின்னர்ப் பெட்டி நீங்கி முத்திரையிடும் சீட்டு வந்தது. சீட்டு நீங்கிப் பொறி வந்தது. 1982இல் கேரளத்துப் பரவூரில் முதன்முதல் சோதிக்கப்பெற்ற அப்பொறி, 2004ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் வழங்கலாயிற்று. அதன் வாக்களிக்கும் பகுதி ஒன்றில் 16 வரிசைகள் உள. ஒவ்வொன்றிலும் பெயர், சின்னம், நீலப் பொத்தான் என்பன முறையே அமையும். விரல் ஒருமுறை அழுத்தினால் அழுத்தியதே. இன்று பக்கத்துப் பொறியில் ஒரு சீட்டு ஏழு வினாடி தோன்றி, எச்சின்னத்திற்கு வாக்கு விழுந்தது எனக் காட்டும். பிழை நேர்ந்திருப்பின் அதனைக் காணலாம், திருத்தலாகாது. சின்னத்தெரிவு சிறு வேலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, சின்னம் பெறும் முறையைக் காண்போம். 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின்படி, ஏற்புப்பெற்ற கட்சிகட்குச் சில சின்னங்கள் உரியனவாக ஒதுக்கப்பெறும். ஏனையோர் பொதுப்பட்டியலினின்றும் மூன்றினை விருப்ப வரிசையில் குறித்து வேண்டுதல் வேண்டும். ஒன்றையே பலர் வேண்டின், பதிவுபெற்ற கட்சியின் வேட்பாளர்க்கு முன்னுரிமை உண்டு. அவ்வுரிமையாலும் முடிவு காணவியலாதவிடத்துத் திருவுளச்சீட்டு முடிவு செய்யும். கட்சி புதுச்சின்னம் வேண்டினும் மூன்று வரைபடங்களைப் பெயரோடு தரல் வேண்டும். அவை முன்னுள்ள சின்னங்களை ஒத்திருத்தலாகாது; சமயச் சார்பு உடையனவாதல் ஆகாது; பறவையையோ விலங்கையோ குறித்தலும் ஆகாது. பட்டியலிலுள்ள படங்கள் பலவற்றைத் தேர்தல் ஆணையத்தின் வரைவாளர் எம்.எஸ். சேத்தி என்பார் பென்சிலால் வரைந்தளித்தார். ஏணி, விசில் போன்ற நாட்பழக்கப் பொருள்களே அவற்றுட் பல.

ஒத்திருத்தல் ஆகாது என்னும் விதி எளிதாகத் தோன்றினும் நடைமுறையில் அரிது. 2022இல் தெலுங்கானத்து முனுகோடு இடைத்தேர்தலின்போது, சாலை உருளையும் சோப்புப்பெட்டியும் தன் கார்ச் சின்னத்தை ஒத்துள்ளன என ஆளுங்கட்சி முறையிட்டது. மேசைமேல் விரித்த பெரிய படத்தில் காரும் சோப்புப்பெட்டியும் வெவ்வேறே. விரற்கடை அளவிற் சுருங்கிய கரும்படத்தில், முதுமையால் மங்கிய கண்ணுக்கு அவை எவ்வாறு தோன்றும் என்பதே வினா.

இராயபுரத்திற்கும் திருவொற்றியூருக்கும் இடைப்பட்ட ஆர்.கே. நகர்த் தொகுதி இதற்குச் சிறந்த பாடம். 2017 மார்ச்சுத் திங்களில் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பெற்றபொழுது, ஓர் அணி மின்கம்பத்தையும் மற்றோரணி தொப்பியையும் பெற்றன. அத்தேர்தல் ஏப்பிரலில் நிறுத்தப்பட்டது. திசம்பரில் மீண்டும் நிகழ்ந்தபோது டி.டி.வி. தினகரன் சுயேச்சையாய் நின்று, பழகிய தொப்பியையே வேண்டினார். அது பதிவுபெற்ற கட்சியொன்றின் வேட்பாளர்க்குச் சென்றது. அவர்க்குக் குக்கர் கிட்டியது. வாக்குநாளுக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. வேட்பாளர் 59 பேர்; ஆதலின் நான்கு வாக்களிக்கும் பகுதிகளை அடுத்தடுத்து வைக்க வேண்டியதாயிற்று. குக்கர் 40,707 வாக்கு வேறுபாட்டில் வென்றது. வெற்றிக்குச் சின்னமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் புதிதாய்க் கிடைத்த ஒரு படத்தைத் தொகுதியார் அத்துணை விரைவில் அறிந்துகொண்டமை கருதத்தக்கது.

அதன் காரணத்தை யான் என் வீட்டிலேயே கண்டேன். அந்நாளில் யான் சிறுவன். தண்டையார்பேட்டையில் மீன் விற்று எங்களை வளர்த்த என் ஆயா எழுத்தறியாதவர். அச்சிட்ட சின்னங்களை ஒவ்வொன்றாகக் கைந்நீளத்திற் பிடித்து, அவை யாவையென வினவினேன். தொப்பியைக் கண்டு, "கவுத்து வெச்ச சட்டி" என்றார். குக்கரை நொடியில் அறிந்தார். நீண்ட கைப்பிடியும் தலையிலமைந்த விசிலும் அதனைக் காட்டிக்கொடுத்தன. யான் நகைத்தேன். அவர், "சிரிக்காதடா. எழுத்து ஒனக்கு, படம் எனக்கு. எனக்குப் புரியலேன்னா அது யாருக்கு?" என்றார். எவர்க்கு வாக்களித்தார் என்பதை அவரும் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. அவர் வினா மட்டும் இன்றளவும் என் நெஞ்சில் நிற்கின்றது.

அன்பர்காள்! நம்முள் சிலர் நாளை கைப்பேசிக்கும், எண்ணூர்த் துறைமுகத்துப் பாரந்தூக்கிக்கும், மருத்துவமனைப் பொறிக்கும் பொத்தான் குறிகளைத் தெரிந்து தருவர். அவர்க்கு இம்முறை மூன்று நெறிகளைக் கற்பிக்கின்றது. தமக்கு இனியதை விடுத்துப் பிறர் அறிந்ததை வேண்டுக. ஒன்றையே பற்றி நில்லாது மூன்றினை வரிசைப்படுத்தி வேண்டுக. வேண்டுமுன், அப்படத்தைச் சிறிதாக்கி, எழுத்தறியார் ஒருவர்க்குக் காட்டி, அவர் கூறும் பெயரைக் கேட்க. சின்னம் வேண்டினார் உடைமையன்று. வரைந்தார் உடைமையும் அன்று. பொத்தான்மேல் விரல் வைத்து ஒரு கணம் தயங்கி நிற்பவர் எவரோ, அவருடையதே அது.