சாரணர் திறமைச் சின்னமும் ஊராட்சியின் பங்கும்

சாரணர் சீருடை அணிந்த மாணவர்களை நாம் பள்ளி விழாக்களில் காண்கிறோம். அவர்களின் சட்டைக் கையில் தைத்திருக்கும் சிறிய துணிச் சின்னம் ஒவ்வொன்றும் ஒரு தொழிலிலோ சேவையிலோ அவர்கள் பெற்ற தேர்ச்சிக்குச் சாட்சியாகும். அச்சாட்சி மெய்யானதாக இருக்க ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் செய்யக்கூடியது யாது என்பதை இங்கு ஆராய்வோம்.

இயக்கம் வளர்ந்த விதம்

1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முகாமே சாரணர் இயக்கத்தின் தொடக்கமாகும். தொடக்க காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. அக்குறையைப் போக்க 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் நிறுவினார். விடுதலைக்குப் பின் 1950 நவம்பர் 7ஆம் நாள் சங்கங்கள் பல ஒன்றுபட்டன. 1951இல் சாரணியரும் இணைய, பாரத சாரண சாரணியர் இயக்கம் முழு வடிவம் பெற்றது. அதன் வைர விழாத் திரளணி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மணப்பாறையில் நடைபெற்றது.

படிப்படியாக உயர்தல்

சேர்ந்தவுடன் சிறுவன் பெறுவது 'பிரவேஷ்' எனும் நுழைவு நிலை. அடுத்து 'பிரதம சோபான்', 'துவிதீய சோபான்', 'திருதீய சோபான்' என மூன்று நிலைகள்; சோபானம் என்றால் படிக்கட்டு. பின்னர் 'ராஜ்ய புரஸ்கார்' எனும் மாநில விருது. யாவற்றிற்கும் மேலாகக் குடியரசுத் தலைவர் விருது விளங்குகிறது. முடிச்சிடுதல், முதலுதவி, சமைத்தல், வழியறிதல் ஆகியவற்றோடு திறமைச் சின்னங்களையும் பெற்றே சாரணர் மேலேற முடியும். உழவு, தோட்டம், கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, தீயணைப்பு ஆகியவற்றிற்கும் சின்னங்கள் உண்டு.

அமெரிக்காவில் 'ஈகிள் சாரணர்' ஆவதற்கு 21 சின்னங்கள் தேவை. அத்துடன் ஊருக்குப் பயன்படும் ஒரு பணியைத் தானே திட்டமிட்டு, பிறரை வழிநடத்தி முடிக்கவும் வேண்டும்.

சோதிப்பவர் யார்?

பயிற்சியளிப்பவர் சாரண ஆசிரியர். சின்னத்திற்காகச் சோதிப்பவரோ அத்துறையை நன்கறிந்த வேறொருவராக இருத்தல் முறை. உழவுச் சின்னத்திற்கு அனுபவமுள்ள விவசாயியைக் காட்டிலும் தகுந்தவர் உண்டோ?

சோதனை கண்டிப்பாக இருத்தல் நலம். ஆவடியை அடுத்த சேக்காடு போன்ற பகுதிகளில் வாழ்வோர் வடகிழக்குப் பருவமழையின் வேகத்தை அறிவர். 2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னைப் புறநகர் மக்கள் மறக்கவில்லை. ஒருவன் ஏரியில் தத்தளிக்கும்போது, தாமும் குதித்து மூழ்காமல், இறுகாத கண்ணி முடிச்சிட்ட கயிற்றைக் கரையிலிருந்து வீசத் தெரிந்த சிறுவன் ஓர் உயிரைக் காப்பான். பாம்புக் கடிக்குக் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தவறு. கடியுண்ட உறுப்பை அசைக்காமல் உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும் என்று அறிந்தவனும் அவ்வாறே. கல்லாமல் பெற்ற சின்னம் அந்நேரத்தில் கைகொடுக்காது.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. உழவர், கால்நடை மருத்துவர், செவிலியர், தீயணைப்பு வீரர் முதலியோரின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்துப் பள்ளிக்கு அளித்தல்.

2. தோட்டப் பயிற்சிக்குச் சிறிது நிலமும் நீர் வசதியும் ஒதுக்குதல்.

3. மரம் நடுதல், ஏரிக்கரைத் தூய்மை போன்ற பணிகளில் ஒன்றைச் சாரணர் பொறுப்பில் விட்டு, ஆண்டு முடிவில் பார்வையிடுதல்.

4. தேர்ச்சி பெறாதவனைத் தயவுக்காகத் தேர்ச்சியுற்றவன் எனக் கூறாதிருத்தல். மீண்டும் பயின்று வர ஊக்குவித்தல்.

இவற்றிற்குப் பெரும் செலவு இல்லை. வரும் ஊராட்சிக் கூட்டத்திலேயே பள்ளித் தலைமையாசிரியரை அழைத்து, பெயர்ப்பட்டியலைத் தொடங்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம். மழைக்காலம் வருமுன் இப்பணி முடிதல் நன்று.