பில் இல்லாத சார்ஜர், எரிந்த மதர்போர்டு: யார் மீது வழக்கு?

கேள்வி: வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தாக்கல் செய்து தருகிறேன். என் லேப்டாப் சார்ஜர் பழுதானது. கம்பெனி சார்ஜர் 2,900 ரூபாய் என்றார்கள். சென்னை சென்றபோது ரிச்சி தெருவில் ஒரு கடையில் வேறு தயாரிப்பு சார்ஜரை 850 ரூபாய்க்கு வாங்கினேன். ‘ஒரிஜினலுக்குச் சமம், ஆறு மாதம் கேரண்டி’ என்றார் கடைக்காரர். பில் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும் என்றதால் பில் வாங்கவில்லை, பணத்தை யு.பி.ஐ.யில் கட்டினேன். மூன்றாவது வாரம் சார்ஜரில் கருகல் வாடை வந்து, லேப்டாப்பும் அணைந்துவிட்டது. கடைக்காரரிடம் வாட்ஸ்அப்பில் சொன்னேன். எரிந்த சார்ஜரை கூரியரில் வாங்கிக்கொண்டு வேறொன்று அனுப்பினார். லேப்டாப்புக்குத் தான் பொறுப்பில்லை என்றார். வாரண்டி முடிய நான்கு மாதம் இருந்தும், ‘வெளி சார்ஜர் போட்டதால் வாரண்டி கிடையாது, மதர்போர்டு மாற்ற 32,000 ரூபாய்’ என்று சர்வீஸ் சென்டரில் போனில் சொல்லிவிட்டார்கள். உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கைவிரித்தார். இது நடந்து 19 மாதம் ஆகிறது. இருவர் மீதும் வழக்குப் போட்டு, மதர்போர்டு செலவையும் நான் இழந்த வருமானத்தையும் பெற முடியுமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: வழக்குப் போடலாம். ஜெயிப்பது நீங்கள் கையில் வைத்திருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது. கடிதத்தைப் படித்த வரையில் அது மிகக் குறைவு.

வேறு தயாரிப்பு சார்ஜர் வாங்குவது சட்டப்படி தவறல்ல. ‘இன்ன மாடலுக்குப் பொருந்தும்’ என்று லேப்டாப் கம்பெனியின் பெயரைக் குறிப்பிட்டு விற்பதையும், வாங்குபவரை ஏமாற்றாத வரையில், வணிகச் சின்னங்கள் சட்டம் 1999-ன் 30-வது பிரிவு அனுமதிக்கிறது. அந்தக் கம்பெனியின் லோகோவையே போட்டு விற்றால்தான் அது போலி.

உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது ஒரே கேள்வி: மதர்போர்டு எதனால் எரிந்தது? சார்ஜரால் எரிந்தது என்று மனுவில் எழுதினால், ‘நாங்களும் அதைத்தானே சொல்கிறோம்’ என்று லேப்டாப் கம்பெனி விலகிக்கொள்ளும். போர்டிலேயே குறை இருந்தது என்று எழுதினால் கடைக்காரர் தப்பித்துவிடுவார். இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்த்து, ‘இவர் அல்லது அவர் பொறுப்பு’ என்று மாற்று வாதமாக வைக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது தொழில்நுட்ப அறிக்கையை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 38-வது பிரிவின்படி பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அனுப்புவதற்குப் பொருள் வேண்டுமே!

இங்கேதான் உங்களைக் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஊருக்கெல்லாம் ஜி.எஸ்.டி. கணக்கு எழுதும் நீங்களே, நூற்றைம்பது ரூபாய் வரியை மிச்சம் பிடிக்க பில் வேண்டாம் என்றீர்கள். வழக்கின் மிக முக்கியமான சான்று எரிந்த சார்ஜர். அதை எதிராளியிடமே கூரியர் செலவு செய்து ஒப்படைத்தீர்கள். வாரண்டி மறுப்பை எழுத்தில் வாங்கவில்லை. போதாக்குறைக்கு வெளி மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்க வைத்தீர்கள். ‘அவர் கை வைத்ததால்தான் பழுது’ என்று இனி இரு தரப்பும் சொல்லும். இத்தனைக்கும் மேல் 19 மாத மௌனம். எரிந்த பொருளைத் தொடாமல் வைத்து, அந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருந்தால் இந்தப் பதிலில் பாதி தேவைப்பட்டிருக்காது.

இனி, மிஞ்சியிருப்பதைப் பார்ப்போம். கடைக்காரர் ‘நான் தயாரிப்பாளர் இல்லை’ என்று தப்ப முடியாது. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டாலும், அவர் மீது இந்தியாவில் உத்தரவை நிறைவேற்ற முடியாவிட்டாலும், விற்றவரே பொறுப்பு என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-வது பிரிவு. தானாக முன்வந்து கேரண்டி கொடுத்தவரும் அதே பிரிவில் மாட்டுவார். பில் கொடுக்காததே நேர்மையற்ற வணிக நடைமுறை. யு.பி.ஐ. பதிவு பணம் போனதைக் காட்டும். வாட்ஸ்அப் உரையாடலும் கூரியர் ரசீதும் என்ன பொருள், ஏன் திரும்பிப் போனது என்பதைக் காட்டும். அந்தப் போனை விற்றுவிடாதீர்கள், உரையாடலை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சான்றுக்குரிய சான்றிதழை உங்கள் வழக்கறிஞர் தயாரித்துத் தருவார்.

கடைக்காரர் மாற்றி அனுப்பிய சார்ஜர் உங்களிடம்தானே இருக்கிறது? அதை இனி எதிலும் செருகாதீர்கள். லேப்டாப் அடாப்டர்கள் இந்திய தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு பெற்றிருக்க வேண்டிய பொருட்கள். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அதன் மேல் இருக்க வேண்டும். ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லை என்றாலோ, வேறு நிறுவனத்தின் பெயரைக் காட்டினாலோ, சட்டம் கேட்கும் தரம் இல்லாத பொருளை விற்றார் என்ற வலுவான வாதம் கிடைக்கும். எரிந்ததும் இதுவும் ஒரே தயாரிப்பு என்பதை மட்டும் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

லேப்டாப் கம்பெனியைப் பொறுத்தவரை, வாரண்டி நிபந்தனையை வரி வரியாகப் படியுங்கள். ‘வெளி சார்ஜரால் ஏற்பட்ட சேதத்துக்கு வாரண்டி இல்லை’ என்று இருந்தால், சேதம் அதனால்தான் ஏற்பட்டது என்று எந்தப் பரிசோதனையில் கண்டார்கள் எனக் கேட்கலாம். ‘வெளி சார்ஜர் போட்டாலே வாரண்டி ரத்து’ என்று இருந்தால் அது நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடலாம். ஆனால் அப்படிப்பட்ட ஒப்பந்தம் குறித்த புகார் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டியது. 32,000 ரூபாய்க்காக அந்தப் பாதை தேவையா என்று யோசியுங்கள்.

இழந்த வருமானத்தை மறந்துவிடுங்கள். பொருள் பொறுப்பு குறித்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் ‘தீங்கு’ என்பதற்குள் உங்கள் மற்றொரு உடைமைக்கு, அதாவது லேப்டாப்புக்கு, நேர்ந்த சேதம் வரும். வணிக, பொருளாதார இழப்பு வராது. ‘வணிக நோக்கில் வாங்கியதால் இவர் நுகர்வோரே அல்ல’ என்றும் எதிர்தரப்பு கிளப்பும். சுயதொழில் செய்து பிழைக்கவே பயன்படுத்தினேன் என்பதை மனுவிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

காலக்கெடு இரண்டு ஆண்டுகள் (69-வது பிரிவு). எரிந்த நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மீதமிருப்பது ஐந்து மாதம்தான். கடைக்காரருடன் பேசிக்கொண்டிருந்தேன் என்பதோ, நோட்டீஸ் அனுப்பினேன் என்பதோ கெடுவை நீட்டாது. தாமதத்தை மன்னிக்கத் தக்க காரணம் காட்டி மனுப் போடலாம். உங்கள் கடிதத்தில் அப்படியொரு காரணம் எனக்குத் தென்படவில்லை.

செய்ய வேண்டியவை: சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். கடைக்காரருக்கும் கம்பெனிக்கும் வழக்கறிஞர் மூலம் ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்பி, எரிந்த சார்ஜரைப் பாதுகாத்து வைக்கும்படி கோருங்கள். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று கடைக்காரர் பதில் எழுதினால், அதுவும் உங்களுக்குப் பயன்படலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். சமரசம் ஏற்பட்டால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். பொருள் சென்னையில் வாங்கியதென்றாலும், நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாயைத் தாண்டாததால் மனுக் கட்டணம் இல்லை. பரிசோதனைக் கூடச் செலவை உங்களைக் கட்டச் சொல்லலாம்.

ஆவணங்களைப் பார்க்காமல், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்ன பொதுவான கருத்து இது. இதை நம்பி நீங்களே மனு எழுதிவிட வேண்டாம். லேப்டாப், மாற்று சார்ஜர், வாரண்டி அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, கூரியர் ரசீது, வாட்ஸ்அப் உள்ள போன் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, நுகர்வோர் வழக்குகளில் பழக்கமுள்ள வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே நேரில் பாருங்கள்.