வெளிச்சம் பழகினால் படம் பழகும்!



போட்டோ எடுப்பது ஸ்டூடியோக்காரர் வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் தாத்தா இறந்தபோது மாலை போட ஒரு படம் தேடினோம். என் செல்போனில் நான் எடுத்த இரண்டு படங்கள் இருந்தன. இரண்டிலும் முகம் கறுப்பு! கடைசியில் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணி மாட்டினோம். "இது உங்க தாத்தா மாதிரியே இல்லடா" என்று அப்பத்தா இன்னும் சொல்லுது. அதன் பிறகுதான் நண்பனிடம் பழைய டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிப் பழகினேன். பழகியதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கேமராவுக்குள் நடப்பது என்ன?

ஆள் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் படமாகிறது. குழாயடியில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது அப்பர்ச்சர். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது ஷட்டர் வேகம். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவது சின்னக் குடம் வைப்பது போல. கொஞ்ச வெளிச்சமே போதும், ஆனால் படம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அப்பர்ச்சர் எண்கள் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். எனவே 2.8-இல் 1/500 விநாடி போதுமென்றால், மூன்று படி தள்ளி 8-க்கு 1/60 விநாடி வேண்டும். கணக்கு அவ்வளவுதான்!

நான் செய்த தவறுகள்

1. தாத்தா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்த வெயிலுக்குத் தக்கபடி கேமரா அளவைக் குறைத்துக்கொள்ள, முகம் இருண்டுவிட்டது. ஆளை வாசலைப் பார்க்கத் திருப்பி உட்கார வைத்திருந்தால் போதும். செல்போனுக்கும் இதே விதிதான்.

2. குடும்பத்தை இரண்டு வரிசையாக நிறுத்தி அப்பர்ச்சர் 1.8-இல் எடுத்தேன். முன்வரிசை தெளிவு, பின்னால் நின்ற அப்பா கலங்கிப்போனார். எண் சிறிதானால் தெளிவாக விழும் ஆழம் குறையும். கூட்டமாக எடுக்க 8 வையுங்கள்.

3. விளக்கு வெளிச்சத்தில் 1/15 விநாடியில் எடுத்தேன். கை ஆடிப் படம் போச்சு. கையில் பிடித்து எடுக்கும்போது 1/60-க்குக் கீழே இறங்காதீர்கள். ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும். வெளிச்சம் பத்தாவிட்டால் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுங்கள்.

எடுத்த படம்

ஒருநாள் காலை திண்ணை நிழலில் அப்பத்தா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது. "போட்டோ புடிச்சா ஆயுசு குறையும்டா" என்று சிரித்தது. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து, ஐ.எஸ்.ஓ. 200, அப்பர்ச்சர் 5.6, 1/250 விநாடியில் அழுத்தினேன். சுருக்கம் ஒவ்வொன்றும் விழுந்திருந்தது.

பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தாவையும் இப்படி எடுத்திருக்கலாம்லடா" என்றது. பதில் சொல்ல முடியவில்லை.

நண்பர்களே, பெரிய கேமரா வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர்களை வெளிச்சம் பார்த்து உட்கார வையுங்கள். எடுத்ததைச் செல்போனிலேயே விட்டுவிடாமல் ஒரு பிரின்ட்டாவது போட்டு வையுங்கள்!

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை