கட்டையை இறக்கினால் பாட்டு இறங்குமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் 22 வருடமாகப் பாடுகிறேன். வயது 48. கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று பாடாத மேடை இல்லை. டி.எம்.எஸ்., சீர்காழி பாட்டுகள்தான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தவை. இரண்டு வருடமாக உச்ச ஸ்தாயியில் தொண்டை இறுகுகிறது. எங்கள் கீபோர்டுக்காரர் ஒரு கட்டை இறக்கிவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. முன்வரிசையில் இருக்கிற பையன்கள் செல்போனில் ஒரிஜினலைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சுருதியை இறக்கிப் பாடுவது கேட்க வந்தவர்களை ஏமாற்றுவது ஆகாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: ஆகாது. இறக்கிப் பாடுங்கள். அடுத்த கச்சேரிக்கு முன்பே இறக்குங்கள்.

கட்டை என்று நாம் சொல்வது ஆர்மோனியத்துக் கட்டையைத்தான். முதல் வெள்ளைக் கட்டையை ஆதார ஷட்ஜமாக வைத்துப் பாடினால் ஒரு கட்டைச் சுருதி, இரண்டாவதை வைத்தால் இரண்டு கட்டை, நடுவில் இருக்கும் கறுப்பு ஒன்றரை. பெரும்பாலான ஆண் குரல்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை சுகமான இடம். பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறு வரை. பாட்டின் மெட்டு எந்தக் கட்டையிலும் ஒரே மெட்டுதான். ஸ–ப இடைவெளி மாறாது, ராகம் மாறாது, தாளம் மாறாது. மாறுவது அந்த மெட்டு பாடுகிறவர் தொண்டையில் எந்த இடத்தில் உட்காருகிறது என்பது மட்டுமே.

தொண்டைக்குள் நடப்பதைப் பாருங்கள். இரண்டு கட்டையில் பாடும் ஆண் மேல் பஞ்சமத்தைப் பிடிக்கும்போது குரல்நாண்கள் இரண்டும் ஒரு நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. ஒரு கட்டைக்கு இறக்கினால் அதே பஞ்சமம் 392 முறை. நொடிக்கு 48 மோதல் மிச்சம். இருபத்தைந்து பாட்டு, நாலு மணி நேரக் கச்சேரி என்று கணக்குப் போட்டால் அது எவ்வளவு பெரிய ஓய்வு என்று தெரியும். வயது ஏற ஏற அந்த நாண்களின் நெகிழ்ச்சி குறைகிறது, முன்பு போல் இழுபடுவதில்லை. இது உங்கள் சாதகக் குறைவு இல்லை. முழங்காலுக்கு வருகிற வயது தொண்டைக்கும் வருகிறது.

இன்னொன்று. சினிமாப் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினவருக்கு அன்று அந்த ஒரு பாட்டைப் பாடுவதே வேலை. சரியாக வரவில்லை என்றால் மறுபடி ஒரு டேக். நீங்கள் அதையே ராத்திரி பதினொன்றரைக்கு, பதினெட்டாவது பாட்டாக, பந்தல் புழுதிக்குள் நின்று பாடுகிறீர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

அந்தப் பையன்கள் வைத்திருக்கும் ‘ஒரிஜின’லைப் பற்றியும் சொல்லவேண்டும். சினிமாப் படச்சுருள் நொடிக்கு 24 சட்டகம் ஓடும். அதை நம் தொலைக்காட்சி முறைக்கு மாற்றும்போது 25 சட்டகமாக ஓட்டுவது வழக்கம். படம் நாலு சதவீதம் வேகமாக ஓடும், பாட்டும் கூடவே ஏறும். ஏறுவது அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. பழைய இசைத்தட்டு சுழன்ற வேகம், இழுபட்ட நாடா என்று இன்னும் பல காரணங்கள் உண்டு. ஒரே பழைய பாட்டை இணையத்தில் நாலு இடத்தில் கேட்டு ஆர்மோனியத்தோடு வைத்துப் பாருங்கள், நாலும் ஒரே சுருதியில் இருப்பது அபூர்வம். செல்போனில் ஒலிப்பதுதான் அந்தப் பாடகர் பாடிய சுருதி என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

உயர்ந்த சுருதிதான் உயர்ந்த பாட்டு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? நாடக மேடையிலிருந்து. அதில் நம் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. செங்கோட்டை கிட்டப்பா 1906-ல் பிறந்தவர். சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து, தன் உச்சக் குரலால் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டவர். அன்று மைக் கிடையாது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழவேண்டும் என்றால் ஆணும் நாலு, ஐந்து கட்டையில்தான் பாடியாக வேண்டும். தூரத்துக்குக் கேட்பதற்காக வந்த வழக்கம் அது. அதுவே பின்னால் பெருமையாக மாறிவிட்டது. கிட்டப்பா 1933-ல் தம் 27-வது வயதில் மறைந்தார். 48 வயதில் அவர் எந்தக் கட்டையில் பாடியிருப்பார் என்று பார்க்கிற பாக்கியம் நமக்கு இல்லை. மைக் வந்த பிறகு கர்நாடக சங்கீத மேடையிலும் சுருதி மெல்ல இறங்கியது. சங்கீதம் அதனால் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. குரலின் கனமும் நுணுக்கமும் கேட்கத் தொடங்கியதே அப்போதுதான்.

நாதஸ்வரத்தில் நடந்தது இதைவிடத் தெளிவு. முன்பு திமிரி என்ற குட்டை நாயனம்தான் பெருவழக்கு. ஊர்வலத்துக்கு ஏற்ற உச்சச் சுருதி அதற்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நீளமான பாரி நாயனத்தைக் கையில் எடுத்தார், சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. இறங்கிய பிறகு அவர் வாசித்த தோடியைத்தான் இன்றும் நாடு பேசுகிறது. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம். சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் உங்கள் ரயில் நிற்கிற அதே காருகுறிச்சி. அந்தக் கீழ்ச்சுருதிக் கம்பீரத்தைத் தாமிரபரணிக் கரைக்குக் கொண்டுவந்தவர் அவர். சுருதியை இறக்கியதால் நாயனத்துக்கு மவுசு போனதா, கூடியதா? நீங்களே சொல்லுங்கள்.

அதே அருணாசலம்தான் இறக்கக்கூடாத இடத்துக்கும் உதாரணம். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில், கடையநல்லூரில் பிறந்த எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில், எஸ்.ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாயனமும் சேர்ந்து வந்த ஆபேரிப் பாட்டு உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். உங்கள் குழுவில் அதைக் கீபோர்டில் நாதஸ்வரச் சத்தம் வைத்து வாசித்தால் எந்தக் கட்டைக்கும் கொண்டுபோகலாம். மேடையில் நிஜ நாயனக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டால் முடியாது. நாயனத்தின் சுருதி அந்த மரத்தின் நீளத்தோடும் துளையோடும் பிறந்தது. சீவாளியை மாற்றி நூலளவு ஏற்றி இறக்கலாம், ஒரு கட்டை இறக்க முடியாது. அங்கே குரல்தான் நாயனத்துக்கு வந்து சேரவேண்டும். குரல் வரவில்லை என்றால் அந்தப் பாட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவது மரியாதை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லைச் செதுக்கியவன் வைத்த சுரம் வைத்த இடத்திலேயே நிற்கிறது. தொண்டையைக் கடவுள் அப்படிச் செய்யவில்லை.

நான் ஆர்மோனியத்தில் தொடங்கிக் கீபோர்டுக்கு வந்தவன். வருடங்களுக்கு முன் ஒரு பங்குனிக் கொடையில் நடந்ததை மறக்கமுடியவில்லை. எங்கள் குழுவின் மூத்த பாடகர் அன்று மூன்றாவது சரணத்தில் மேலே போனார். குரல் நூல் அறுந்தது போல் அறுந்தது. ஒரு நொடி சத்தமே இல்லை, தபேலா மட்டும் ஓடுகிறது. கூட்டம் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. பாட்டு முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தவர் பிளாஸ்க்கைத் திறக்கப் பார்த்தார். கை நடுங்கி மூடி திறக்கவில்லை, நான்தான் திறந்து கொடுத்தேன். “அண்ணாச்சி, நாளைக்கு ரெண்டு இறக்கிருங்க” என்றார். மறுநாள் அவரே என் பக்கத்தில் வந்து டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். திரையில் மைனஸ் இரண்டு, அதாவது ஒரு கட்டை இறக்கம், என்று வந்ததை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அதே பாட்டை அவர் பாடியபோது, மேலே போகும் இடத்தில் வருடக்கணக்காகக் காணாமல் போயிருந்த பாவம் திரும்ப வந்தது. வார்த்தையைக் கவனித்துப் பாட அவருக்கு இப்போது நேரம் இருந்தது. முன்வரிசையில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருடம் பாடினார்.

இறக்குவதிலும் முறை இருக்கிறது. மேல் சுரத்தை மட்டும் பார்த்து இறக்குகிறவர்கள் பல்லவியின் கீழ்ச் சுரங்களை மறந்துவிடுகிறார்கள். மூன்று கட்டை இறக்கினால் சரணம் சுகமாக இருக்கும், பல்லவி மைக்கில் முணுமுணுப்பாகக் கேட்கும். பாட்டின் மிக உயர்ந்த சுரத்தையும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் குறித்துக்கொண்டு இரண்டும் உங்கள் குரலுக்குள் அடங்கும் இடத்தைத் தேடுங்கள். அரை, ஒன்று, அதிகம் போனால் ஒன்றரைக் கட்டை போதும். கணக்கில் ஒரு பொறி உண்டு: மூன்றாம் கட்டைக்கும் நாலாம் கட்டைக்கும் நடுவில் கறுப்புக் கிடையாது. ஆகவே நாலிலிருந்து மூன்றுக்கு ‘ஒரு கட்டை’ இறக்கியதாகச் சொன்னாலும் நிஜத்தில் இறங்குவது அரைதான்.

முடிவை ஒத்திகையில் எடுங்கள், மேடையில் எடுக்காதீர்கள். கீபோர்டுக்கு ஒரு பொத்தான் போதும். புல்லாங்குழல்காரருக்கு வேறு குழல் வேண்டும், தபேலாக்காரருக்கு வேறு சுருதித் தபேலா வேண்டும். திறந்த தந்தி ஒலிக்க வாசிக்கும் கிடார்காரருக்கு விரல் வைக்கும் இடமே மாறும். அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். எல்லாப் பாட்டையும் இறக்கவேண்டாம், தொண்டை இறுகும் ஐந்தாறை மட்டும் இறக்குங்கள். அவற்றை அடுத்தடுத்து வைக்காதீர்கள். நம் வில்லுப்பாட்டுப் புலவர்கள் விடிய விடியப் பாடுகிறார்களே, எப்படி? முன்னவர் ஒரு அடி பாட, பக்கப்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னவர் தொண்டைக்கு மூச்சு கிடைக்கிறது. உங்கள் குழுவிலும் டூயட்டையும் கோரஸையும் அப்படிக் கணக்காகப் போடலாம்.

மேடையில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கிறதா என்றும் பாருங்கள். கொடை மேடைகளில் ஒலிபெருக்கி எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கும். தன் குரல் கேட்காதவன் தன்னை அறியாமல் கத்துவான். காலடியில் ஒரு மானிட்டர் கேட்டு வாங்குங்கள்.

உலகத்திலேயே தொண்டை கிழியப் பாடுகிறவர்கள் என்று பெயர் எடுத்தவர்கள் ராக் பாடகர்கள். லெட் செப்பலின் குழு 2007 டிசம்பரில் லண்டனில் மறுபடி ஒன்றுகூடிப் பாடியபோது ராபர்ட் பிளான்ட்டுக்கு 59 வயது. சில பாட்டுகளைப் பதிவில் இருந்ததைவிடச் சுருதி குறைத்தே வாசித்தார்கள். மெட்டாலிக்கா குழு வருடக்கணக்காக மேடையில் கிடாரை அரைக் கட்டை இறக்கிச் சுருதி சேர்க்கிறது. எல்டன் ஜானுக்கு 1987-ல் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் கனத்துவிட்டது. பழைய உச்சச் சுரங்களை விட்டுவிட்டு அந்தக் கனத்த குரலுக்கு ஏற்றபடி பாடி, அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்கு மேல் மேடையில் நின்றார்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கச்சேரி முடிந்து ராத்திரி ஒன்றரைக்குப் புரோட்டா சால்னா சாப்பிட்டுவிட்டு வேனில் படுத்துத் தூங்குகிறவரா நீங்கள்? காரமும் எண்ணெயும் உள்ளே போய்ப் படுத்தால் வயிற்று அமிலம் மேலே வந்து குரல்நாண்களைப் புண்ணாக்கும். காலையில் குரல் கட்டியிருப்பதற்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கும். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது–மூக்கு–தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குரல்நாணில் முடிச்சு இருந்தால் எந்தக் கட்டைக்கு இறக்கினாலும் சரியாகாது. சுருதியை இறக்குவது மருத்துவத்துக்கு மாற்று இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. பாளையங்கோட்டையில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்து ஐந்து கட்டையில் பாடிப் பரிசு வாங்கியவன். இப்போது குரல் திடீர் திடீரென்று பிளந்துபோகிறது. அடுத்த மாதம் பள்ளியில் பாட்டுப் போட்டி. பழைய சுருதியிலேயே பாடிவிடுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். என்ன செய்வது?

– ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: இதற்குப் பெயர் மகரக்கட்டு. பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இந்த வார்த்தையைக் கேட்டாலே பையன்கள் நடுங்குவார்கள். குரல் உடைந்தவனுக்குப் பாட்டு வேஷம் போய்விடும். உங்கள் பிள்ளைக்கு அந்தப் பயம் தேவையில்லை. குரல்நாண்கள் நீண்டு தடித்துக்கொண்டிருக்கின்றன, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கி நிலைக்கும், அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை ஐந்து கட்டையில் முட்டவிடாதீர்கள். போட்டிக்குக் குறுகிய எல்லைக்குள் அடங்கும் ஒரு பாட்டை எடுத்து, அந்த வாரத்தில் எந்தச் சுருதி வலியில்லாமல் வருகிறதோ அதில் பாடட்டும். வாராவாரம் அது மாறும், மாறட்டும். இந்த வருடம் பரிசு கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று போட்டிக்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள், அம்மா.